நான் நியமித்த பேராயர்

ஒருவர் ஆறு ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டை நான் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று தெரிந்த பிறகு, ஐந்து பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் அது அவருடைய தவறு என்று சொன்னேன். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போயிற்று. எனக்கு ஒரு குறையும் வரவில்லை. துறைத் தலைவர் ஆனேன், ஓய்வு பெற்றேன், பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது வயது எழுபத்து மூன்று. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன் தறியில் உட்கார்ந்தார், நான் பள்ளிக்கூடம் போனேன். இந்தப் பங்கு பிரிப்பில் யாருக்கும் வருத்தம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அண்ணனுக்கு இருந்ததாம், அறுபது வயதுக்கு மேல் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் வரலாறு படித்து, சோழர் கால நிலதானங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஆனேன்.

என் மாணவர் முசரவாக்கத்துக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா காலம் வரை மற்றவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற வேலைக்குப் போனார், மகன் எம்.ஏ. படித்தார். எங்கள் கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வந்தார். கொண்டுவந்த தலைப்பு, நானூறு ஆண்டுக்கு முன்னால் இத்தாலியில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கப் பேராயர். திருத்தந்தையின் தூதராகப் பல அரசவைகளுக்குப் போய் வந்தவர். அவருடைய பணிவாழ்வைப் பற்றித் தமிழில் ஓர் ஆய்வு.

"இவ்வளவு கோயில் இருக்கிற ஊர்ல இருந்துக்கினு ரோமாபுரிய ஏன்பா புடிச்சே?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார். உங்களுக்கு முன்னாடி இன்னும் நாப்பது பேரு இருக்காங்க. இந்த ஆளுக்குத் தமிழ்ல நான் ஒருத்தன்தான்."

"உங்க ஊரு, உங்க மக்களப் பத்தி எழுதலாமே. நல்ல தலைப்பு. சீக்கிரம் முடியும்."

"எங்காளுங்கன்னா எங்க தெருவப் பத்தி மட்டும்தான் எழுதணுமா சார்? நீங்க என்ன தறியப் பத்தியா எழுதுனீங்க?"

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சனிக்கிழமைதோறும் ஓய்வுபெற்ற ஒரு வயதான பாதிரியாரிடம் சைக்கிளில் போய் லத்தீன் படித்தார். இத்தாலியத்தைப் புத்தகம் வைத்துத் தானே கற்றுக்கொண்டார். அந்தத் தூதர் எழுதிய கடிதங்கள் அச்சாகிப் பல தொகுதிகள் வந்திருந்தன. அவற்றின் நகலை எங்கெங்கோ கேட்டு வரவழைத்தார். எனக்கு லத்தீனும் தெரியாது, இத்தாலியமும் தெரியாது. நான் வழிகாட்டி. வழிகாட்டிக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் விதிமுறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் தூதரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இப்போது எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்போது தெரியாது. ஆய்வேட்டில் முன்னுரையையும் முடிவுரையையும் படித்தேன், நடுவில் புரட்டினேன், ஒவ்வொரு அத்தியாயத்தின் மேலும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தது உண்மைதான்.

மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊரில் கம்பளி வியாபாரிக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தவர் அவர். சட்டம் படித்தார். ரோமில் திருத்தந்தையின் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தார். கையெழுத்து அழகாக இருந்ததாம். முப்பத்தொன்றாம் வயதில் தெற்கே கடலோரத்தில், கொசுவும் காய்ச்சலும் மிகுந்த ஓர் ஏழை மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமித்தார்கள். அந்த ஊருக்கு அவர் மொத்தம் இரண்டு முறை போனார். மற்ற நாளெல்லாம் தூது.

முதல் தூது, எல்லைக்காகச் சண்டையிட்ட இரண்டு சிற்றரசர்களைச் சமாதானம் செய்வது. ஐந்து மாதம் பேச்சு நடந்தது. அதில் நாலு மாதம், யாருடைய நாற்காலிக்குக் கை இருக்கலாம், ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது என்பதிலேயே போயிற்று. வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். காஞ்சிபுரத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சாமிக்கு முன்னால் எந்தக் கோஷ்டி முதலில் பாடுவது என்பதற்கு நீதிமன்றம் போய் வந்த ஊர் இது. இரண்டாவது தூது, வடக்கே ஓர் அரசனைத் துருக்கியருக்கு எதிரான கூட்டணியில் சேர்ப்பது. அரசன் பொறுமையாகக் கேட்டு, இரண்டு வேட்டை நாய்களைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினான். மூன்றாவது தூதும் தோல்விதான். அதற்குப் பிறகு, ஐம்பத்திரண்டாம் வயதில், அவரைப் பேராயர் ஆக்கினார்கள். நாலு ஆண்டு அந்தப் பதவியில் இருந்து இறந்துபோனார்.

தோற்றுக்கொண்டே இருந்தவருக்கு ஏன் உயர்ந்த பதவி? இதுதான் என் மாணவர் கேட்ட கேள்வி. அது பரிசு இல்லை, ஓர் அரசவையிலிருந்து தூதரை அவமானம் இல்லாமல் திரும்ப அழைப்பதற்கு ரோம் கண்டுபிடித்த வழி என்பது அவருடைய பதில். ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் வைத்து நிறுவியிருந்தார். ஆயராக இருந்த இருபத்தோரு ஆண்டு, பேராயராக இருந்த நாலு ஆண்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு நாள். ஆய்வேடு முழுக்க அந்த ஒரு நாளின்மேல்தான் நின்றது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

கத்தோலிக்கத் தமிழில் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். அவருக்கு மேலே இருப்பவர் பேராயர். நான் படித்தது வேறு சபையார் நடத்திய மிஷன் பள்ளிக்கூடம். அங்கே ஆண்டு விழாவுக்குச் சிவப்பு அங்கியில் வருகிற ஒரே பெரியவரைப் பேராயர் என்றுதான் சொல்வார்கள், அவருக்குக் கீழே ஊருக்கு ஊர் சாதாரணப் போதகர்களான ஆயர்கள் பலர் இருப்பார்கள். எங்கள் வீட்டிலோ ஆயர் என்றால் கண்ணனை வளர்த்த இடையர்கள். ஆகவே ஆய்வேட்டின் கடைசி வடிவம் சான்றிதழில் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்து, பக்கத்துக்குப் பக்கம் 'ஆயர் எழுதினார்', 'ஆயர் புறப்பட்டார்' என்று பார்த்தபோது, தலைப்பில் பேராயர் என்று போட்டுவிட்டு உள்ளே இப்படி மரியாதைக் குறைவாக எழுதியிருக்கிறாரே என்று நினைத்தேன். மற்ற மதத்து விஷயம், மரியாதை குறையக் கூடாது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வழிகாட்டி மாணவரிடம் கேட்பதா என்று இருந்தது. மறுநாள் சமர்ப்பிக்கக் கடைசி நாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆயர்னு வர்ற எடத்துல எல்லாம் பேராயர்னு மாத்திடும்மா."

"இத குடுத்த அண்ணன் சாயந்திரம் வருவாரு சார். ஒரு வார்த்தை அவர கேட்டுக்கினு…"

"நான்தான்மா கைடு."

"எல்லா எடத்துலயுமா சார்?"

"எல்லா எடத்துலயும்."

பத்து நிமிடத்தில் அவரே திரும்ப அழைத்தார். "முடிஞ்சிட்ச்சி சார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வெக்காம தேடுனேன். ஆயரின், ஆயராக, எல்லாமே மாட்டிக்கிச்சு." குரலில் பெருமை இருந்தது. நல்லது என்றேன்.

ஆனால் எல்லாமே மாட்டவில்லை. அந்தக் கால எழுத்துருவில் 'ரு' என்பது 'ர'வோடு சேராத தனி எழுத்து. அதனால் 'ஆயருக்கு', 'ஆயரும்' என்று வந்த இடங்கள் மட்டும் தப்பிவிட்டன. மாலையில் என் மாணவர் கடைக்குப் போனபோது, "சார் ஒரு சின்ன கரெக்‌ஷன் சொன்னாரு, போட்டுட்டேன்ணா" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். என்ன திருத்தம் என்று அவர் கேட்கவில்லை. என்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. நேராகப் பைண்டிங், மறுநாள் சமர்ப்பிப்பு.

இப்படியாக அந்த மனிதரை நான் இருபத்தோரு ஆண்டு முன்னதாகவே பேராயராக நியமித்தேன். அவரை மட்டுமல்ல. ஆய்வேட்டில் வருகிற குட்டி ஆயர்கள் அத்தனை பேரையும் உயர்த்தினேன். ஓர் ஊரில் ஒரே விருந்தில் மூன்று பேராயர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வெளித் தேர்வாளராக இருந்தவர் கத்தோலிக்கக் குருவானவர், வரலாற்றில் பெரிய படிப்பு. அவர் அறிக்கை வந்தது. கதாநாயகர் மூன்றாம் பக்கத்திலேயே பேராயர் ஆகிவிட்டதால் மீதி ஆய்வு எதற்கு என்று புரியவில்லை என்று எழுதியிருந்தார். ஒரே பத்தியில் ஆயருக்கு என்றும் பேராயர் என்றும் மாறி மாறி வருவதால், ஆய்வாளருக்கு அடிப்படை வேறுபாடே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

என் மாணவர் அறிக்கையைப் படித்துவிட்டு டி.டி.பி. கடைக்குப் போனார். அங்கிருந்து என் அறைக்கு வந்தார். கோபமாக இல்லை. அவசரமாக இருந்தார். வேறொரு கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் ஒன்று வந்திருந்தது. பட்டம் இருந்தால் அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

"கமிட்டியில நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் சார். தட்டச்சுல நடந்த தப்புன்னு கைடு எழுதிக் குடுத்தா ஒரு வாரத்துல திருத்திக் குடுத்துடலாமாம். ஆபீஸ்ல கேட்டுட்டேன். ஆய்வாளரோட தப்புன்னா மொத்தமா திருப்பி எழுதி, ஆறு மாசம் கழிச்சுத்தான் குடுக்கணுமாம்."

"பாத்துக்கலாம்பா," என்றேன்.

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னுகூட சொல்ல வேணாம் சார். டி.டி.பி.ன்னு சொன்னா போதும்."

எனக்கு இவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தார். ஆனால் டி.டி.பி. தவறு என்று சொன்னால், நீங்கள் பார்க்கவில்லையா, ஒவ்வொரு அத்தியாயத்திலும் 'பார்த்தேன்' என்று இருக்கிறதே என்று கேட்பார்கள். அடுத்த மாதம் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போவதாக இருந்தது. குழுவில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அதை முடிவு செய்கிறவர்கள்.

முதல் மாடி மூலை அறையில் குழு கூடியது. பிஸ்கட் வைத்தார்கள். முதல்வர் என்னைப் பார்த்து, "என்ன சார் இது, வேடிக்கையா இருக்குதே?" என்றார்.

"கடைசி நேரத்துல அவரே சில மாத்தங்கள் செஞ்சிருக்கார் சார். நான் ஒத்துக்கிட்ட வடிவம் வேற," என்றேன்.

முதல்வர் எதிரே உட்கார்ந்திருந்த என் மாணவர் பக்கம் திரும்பினார். "அப்படியாப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அறிக்கையைப் பார்த்தேன். பிறகு, "ஆமா சார்," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரியும். திரும்பச் சமர்ப்பிக்க என் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்தை அவர் கேட்டு வரவேயில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. தற்காலிக வேலையையும் விட்டுவிட்டார். அவர் ஊர் மாதா கோயில் வாசலில் யாரோ, "ஆயரு யாரு, பேராயரு யாருன்னு தெரியாதாமே, சின்னப் பசங்களோட ஞானோபதேச வகுப்புல வந்து உக்காருப்பா" என்று கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பதினாறு ஆண்டு கழிந்தது. நான் ஓய்வுபெற்று எட்டு ஆண்டு. அண்ணன் வீட்டில் குரங்குத் தொல்லை. பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்து தறியிலிருந்த பாவு நூலில் கைவைத்துவிட்டுப் போயின. கிரில் போட வேண்டும் என்று அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு, முசரவாக்கம் போகிற வழியில் நல்லதாக ஒரு பட்டறை இருக்கிறது என்று ஆட்டோவில் போனார். பட்டறையில் கணக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "வாங்க சார்," என்றார். என் மாணவர். மைத்துனரோடு சேர்ந்து நடத்துகிறாராம். தலை நரைத்திருந்தது.

மறுநாள் அளவெடுக்க அண்ணன் வீட்டுக்கு வந்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அப்படியே சொன்னேன்.

"அந்த வார்த்தையை மாத்தச் சொன்னது நான்தான். கமிட்டியில பொய் சொன்னேன்."

"தெரியும் சார். கொஞ்சம் மேல புடிங்க. நாலடி மூணு அங்குலம்."

"மன்னிப்புக் கேக்கிறேன்."

அவர் அளவை நோட்டில் எழுதினார். "கேட்டுட்டீங்க," என்றார்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

முதல்முறையாக அவரை 'ங்க' போட்டுப் பேசினேன் என்று பிறகுதான் உணர்ந்தேன். அவர் டேப்பைச் சுருட்டினார். "எந்த ரூம்ல அப்படிச் சொன்னீங்களோ அதே ரூம்ல இப்படிச் சொல்லுங்க. அப்புறம் அத திருத்திக் குடுங்க. நான் வெச்சிருந்த சரியான பைல் கம்ப்யூட்டரோட போயிடுச்சு. இப்ப இருக்கிறது நீங்க கெடுத்தது மட்டும்தான்."

"திருப்பி எல்லா இடத்துலயும் ஆயர்னு மாத்திடச் சொல்றேன்."

அவர் சிரித்தார். "அப்ப அவரு சாகுற வரைக்கும் பேராயரே ஆக மாட்டாரு சார். படிச்சுப் பாத்து ஒவ்வொண்ணா மாத்தணும்."

அவர் போன பிறகு அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் கோபப்படுகிறவர் இல்லை. தறிக்கு மேலே சேலையின் டிசைனுக்காகத் துளை போட்டுத் தொங்கவிட்டிருக்கும் அட்டைகளைக் காட்டினார்.

"இதுல ஒரு ஓட்டைய தப்பா குத்திட்டா சேலை முழுக்க அதே தப்பு வரும். அதுக்கு நெய்றவன் சட்டையவா புடிப்பாங்க, அட்டை குத்துனவன் சட்டையவா? இது கூடத் தெரியாமத்தான் உன்ன காலேஜு வரைக்கும் படிக்க வெச்சோமா?"

ஆய்வேட்டை நான் முதல்முறையாக முழுவதும் படித்தேன். நாலு மாதம் ஆயிற்று. நன்றாக எழுதியிருந்தார். ஒவ்வொரு பேராயரையும் நிறுத்தி, இந்தத் தேதியில் இவர் யார் என்று பார்த்து, ஆயராக இருந்தவரைப் பேனாவால் பதவி இறக்கினேன். சில இடங்களில் எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. திருத்தந்தை நியமித்துவிட்டார், ஆனால் பேராயருக்குரிய அடையாளமாக ரோமிலிருந்து வர வேண்டிய பாலியம் என்ற கழுத்துப்பட்டை இன்னும் வரவில்லை. இந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் யார்? பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம்.

"பின்னிணைப்புல அவரு கடிதத்தோட லத்தீன் மூலம் இருக்கு, அதுல என்னன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருங்க சார்."

பார்த்தேன். எபிஸ்கோபுஸ், அதாவது ஆயர் என்றே போட்டிருந்தார்.

"அப்ப ஆயரு தான். பட்டை வர வரைக்கும் அவருக்கே நம்பிக்கை இல்ல." சத்தம் நின்றது. "நீங்க இப்ப கேக்குறீங்க பாருங்க சார், இத அப்பவே கேட்டிருக்கலாம்."

அந்தப் பட்டையைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். வெறும் ஆட்டு ரோமத்தில் நெய்த வெள்ளை நாடா, அதில் சிலுவைக் குறிகள், அவ்வளவுதான் என்றேன். "ஜரிகை?" என்றார். இல்லை. "பட்டுகூட இல்லியா? இதுக்கா இருபத்தியோரு வருஷம்?" என்று தறிக்குத் திரும்பிக்கொண்டார்.

நாலாவது அத்தியாயத்தில் மூன்றாவது தூது வருகிறது. தூதர் கொண்டுபோன ஒரு கடிதத்தில் அரசனின் பட்டப்பெயர் ஒரு படி குறைவாக எழுதப்பட்டிருந்தது. அரசவை கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. அந்தச் சொல்லைச் சொல்லி எழுத வைத்தவர் தூதரே. ரோமுக்கு எழுதிய விளக்கத்தில், செயலாளர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்றார். செயலாளரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அடுத்த ஆண்டு தூதர் பேராயர் ஆனார். செயலாளரின் பெயர் அதற்குப் பிறகு எந்த ஆவணத்திலும் இல்லை என்று என் மாணவர் அடிக்குறிப்பு போட்டிருந்தார். இந்த அத்தியாயத்தின் மேலும் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்து இருந்தது.

திருத்திய பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, மூலை அறைக்காகக் கல்லூரிக்குப் போனேன். இப்போதைய துறைத் தலைவர் ஓர் இளம் பெண்மணி. பழைய பதிவில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் என்றேன். அந்த அறை இப்போது கணினி ஆய்வகம் என்றார். பரவாயில்லை என்றேன். ஐந்து பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் மகனோடு வெளிநாட்டில். மீதி இருந்தவருக்கு எண்பத்தொரு வயது, ஏனாத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன்.

என் மாணவர் சலவைச் சட்டையில் வந்து கதவோரம் உட்கார்ந்தார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். இளம் ஆசிரியர்கள் கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர், "சார், இது மினிட்ஸ்ல ஏறணுமா?" என்று கேட்டார். ஏற வேண்டும் என்றேன். பழைய குழு உறுப்பினர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்படி ஒரு மீட்டிங் நடந்த ஞாபகமே இல்லப்பா," என்றார். பிறகு என் மாணவரைப் பார்த்து, "தம்பி வெல்டிங் வேலையா செய்றீங்க? எங்க மாடிப்படி கைப்பிடி ஒண்ணு ஆடிக்கினு இருக்குது," என்றார். என் மாணவர் அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் போய்ச் சரிசெய்தும் கொடுத்தார்.

பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். அவருடைய பழைய பதிவு காலாவதி ஆகிவிட்டது, பழைய முடிவை மாற்ற இயலாது, ஆய்வாளர் விரும்பினால் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். நுழைவுத் தேர்வு எப்போது என்று கேட்டார். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதித் தேறினார். துறைத் தலைவரான அந்தப் பெண்மணியே வழிகாட்டி. முதல் நாளே, "எனக்கு லத்தீன் தெரியாதுங்க. நீங்க சொல்லிக் குடுங்க, நான் கேள்வி மட்டும் கேக்குறேன்," என்றாராம். இதைச் சொல்லும்போது என் மாணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை அவருடைய நல்ல குணமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றரை ஆண்டில் வாய்மொழித் தேர்வு நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர்கள் ஒரு மணி நேரம் கேட்டார்கள், அவர் ஒன்றே கால் மணி நேரம் பதில் சொன்னார். பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்லூரிகளில் இடமும் இல்லை. நான் கெடுத்தது அந்த வேலையைத்தான். அதை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. பட்டறைப் பலகையில் மைத்துனர் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதிவைத்தார். ஒரு மூதாட்டி உள்ளே வந்து முழங்காலைக் காட்டியதாகவும், இரண்டு நாள் யோசித்துவிட்டு 'டாக்டர்' என்பதை அழித்து 'முனைவர்' என்று எழுதியதாகவும் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் எதையும் காட்டவில்லை.

ஆய்வேட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நன்றியுரையில் லத்தீன் சொல்லிக்கொடுத்த பாதிரியார் இருந்தார், டி.டி.பி. அம்மா இருந்தார், மைத்துனரும் மனைவியும் இருந்தார்கள். நான் இல்லை. இருக்கக் கூடாதுதான். முதல் அத்தியாயத்தில் 'ஆயர்' என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தார். 'இச்சொல் முந்தைய வடிவம் ஒன்றில் தவறாக மாற்றப்பட்டிருந்தது.' அவ்வளவுதான். யார் மாற்றினார்கள் என்று இல்லை.

அது எனக்கு உறுத்தியது. அறையில் எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்று, மினிட்ஸிலும் ஏறியாயிற்று, நூலிலும் இருந்தால்தான் முழுமை என்று நினைத்தேன். பட்டறைக்குப் போனேன். யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"அடிக்குறிப்புல என் பேரப் போட்டிருக்கலாமே. நான் தப்பா நெனச்சிருக்க மாட்டேன்," என்றேன்.

அவர் ரசீதைக் கிழித்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினார்.

"யோசிச்சேன் சார்," என்றார். "ஆய்வுக்குத் தேவையில்லாத தகவல்."